காலேஜ் சீட் கையில், பட்டாளம் மனசில்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கடத்தைப் பேசுகின்றன. ப்ளஸ் டூ முடிந்து கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் சேரவில்லை. அதே நேரத்தில், நான்கு வருஷத்துக்கு ராணுவத்தில் ஆள் எடுக்கும் அக்னிவீர் திட்டத்தின் எழுத்துத் தேர்வு முடிவும் வந்திருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? நான் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் இருந்து சுபேதாராக ஓய்வுபெற்றவன். இப்போது ஏற்காடு அடிவாரத்தில் குடியிருக்கிறேன். காலையில் ஓட வரும் பையன்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுக்கிறேன்.

ஐயா, எங்கள் ஊர் அயோத்தியாபட்டணம் பக்கம். அரசுப் பள்ளியில்தான் படித்தேன். பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து அக்னிவீர் ஜெனரல் டியூட்டிக்கும் எழுதியிருந்தேன். அதிலும் பாஸ். அடுத்து ரேலி. சின்ன வயதிலிருந்தே பட்டாளத்துக்குப் போக ஆசை. அப்பா தறி ஓட்டுகிறார், கடன் இருக்கிறது, தங்கைகள் இரண்டு பேர். காலேஜில் சேராமல் ராணுவத்துக்குப் போய்விட்டால், நான்கு வருஷம் கழித்து இதே சீட்டைத் தருவார்களா? அமெரிக்காவில் அப்படித் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மாணவர்

தம்பி, வீடியோவில் பார்த்தது அந்த நாட்டுக்குச் சரி. அங்கே பல கல்லூரிகள், இடம் கிடைத்த மாணவர் முறையாக எழுதிக் கேட்டால், சேர்க்கையை ஒத்திவைத்துக் கொடுக்கின்றன. படையில் இருந்து திரும்புகிறவரின் படிப்புச் செலவுக்கு 1944-லேயே ஜி.ஐ. பில் என்று சட்டம் போட்டார்கள். இப்போதைய திட்டத்தில், தகுதி உள்ளவருக்கு 36 மாதம் வரை கல்லூரிச் செலவு கிடைக்கும். அங்கே பட்டாளம் முடித்துவிட்டுப் படிக்கப் போவது ஊரறிந்த வழி.

இங்கே கலந்தாய்வில் கொடுத்த இடம் அந்த ஆண்டுக்கு மட்டும்தான். குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான்கு வருஷம் கழித்து வந்தால் நீ புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உன் கையில் இருப்பது சாதாரண சீட்டும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு அது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. 1966-லிருந்து நடக்கும் கல்லூரி, உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். இதே சலுகை இதே வடிவில் உனக்காக 22 வயதில் காத்திருக்கும் என்று நினைத்து எந்தக் கணக்கும் போடாதே.

அடுத்து தேதிகளைப் பார். நீ எழுதிப் பாஸானது கம்ப்யூட்டரில் நடக்கும் பொது நுழைவுத் தேர்வு. அதற்குப் பிறகு ரேலி: ஓட்டம், புல்-அப்ஸ், பள்ளம் தாண்டுவது, அளவெடுப்பது. அதற்கும் பிறகு மெடிக்கல். மெடிக்கலில் ஏதாவது சொல்லிவிட்டால் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை. எல்லாம் முடிந்து எழுத்துத் தேர்வு மார்க்கையும் உடல் திறன் மார்க்கையும் சேர்த்து மெரிட் லிஸ்ட் போடுவார்கள். மெடிக்கலில் ஃபிட் என்று வந்தவர்களிலும் லிஸ்ட்டில் வராதவர்கள் உண்டு. லிஸ்ட்டில் பெயர் வந்து, இந்தத் தேதியில் இந்த சென்டருக்குப் போ என்று காகிதம் கையில் கிடைக்கும்வரை நீ பட்டாளத்துக்காரன் இல்லை. இந்த வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். கல்லூரியில் சேரும் தேதியோ அடுத்த வாரம். ஆக, இன்று உன் முன்னால் உறுதியாக இருப்பது ஒன்றுதான், அது காலேஜ்.

இதை அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் 'செலக்ட் ஆகிவிட்டேன்' என்று சொல்லும்போது பல நேரம் எழுத்துத் தேர்வைத்தான் சொல்கிறார்கள். ஊரில் பேனர் கட்டிவிடுகிறார்கள், மாமா வந்து சால்வை போர்த்துகிறார். அந்த உற்சாகத்தில் சீட்டை விட்டுவிட்டு, பிறகு மெடிக்கலில் திரும்பி வந்து, அந்த வருஷம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் திறமையில் ஒரு குறையும் இல்லை. காலில் புடைத்த நரம்பு, தட்டைப் பாதம் என்று அவர்கள் கையில் இல்லாத காரணங்கள்.

அதனால், சேர். கல்லூரிக்குப் போ. ரேலிக்கு அழைப்பு வந்தால் கல்லூரியிலிருந்தே போ. ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள். ரேலிக்கு ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, திருமணம் ஆகவில்லை என்ற சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். உன் அட்மிட் கார்டிலும் அறிவிப்பிலும் பட்டியல் முழுதாக இருக்கும், ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொள். கல்லூரி அலுவலகத்தில் ஒரிஜினலைக் கேட்டால் காட்டிச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள். அவர்கள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது. அந்த விதியை அடுத்த கடிதத்தில் விளக்குகிறேன்.

சரி, எல்லாம் தேறி, போகச் சொல்லிக் காகிதமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது போகலாமா? உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு காரணங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆசை, இன்னொன்று வீட்டுக் கடன். இரண்டையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பார்.

முதலில் கடன். அக்னிவீருக்கு முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்துக்கொண்டு 21,000 கையில் தருவார்கள். அடுத்த மூன்று வருஷங்களில் கைக்கு வருவது 23,100, 25,550, 28,000. சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு செலவு உனக்கு இல்லை. நான்கு வருஷத்தில் உன் சம்பளத்திலிருந்து பிடித்தது 5.02 லட்சம். அதே அளவு அரசும் போடும். வட்டியோடு சேர்த்துக் கடைசியில் 10 லட்சத்துக்கு மேல் வரும், அதற்கு வருமான வரி கிடையாது. தறி வீட்டுக்கு இது பெரிய பணம், நான் மறுக்கவில்லை. மாதம் 15,000 வீட்டுக்கு அனுப்ப முடியும். ஆனால் நான்கு வருஷம் முடிந்ததும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் வெளியே வர வேண்டும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை.

உன் மாமாவும் பெரியப்பாவும் 'போடா, மிலிட்டரி போனால் லைஃப் செட்டில்' என்று சொல்வது, அக்னிவீர் திட்டம் வந்த 2022 ஜூனுக்கு முந்தைய பட்டாளத்தை மனதில் வைத்துத்தான். நான் போனதும் அந்தப் பட்டாளம்தான். பதினைந்து வருஷம் முடித்தால் ஜவானுக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன். என் மகளைப் படிக்க வைத்தது அந்தப் பென்ஷன். அப்பா தறி ஓட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன் அதை நம்பிப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்று நீ போகும்போது அந்தக் கணக்கு உனக்குப் பொருந்தாது. 22 வயதில், கையில் ஒரு தொகையோடு, டிகிரி இல்லாமல், மறுபடியும் வரிசையில் நிற்பது பற்றி யோசித்துவிட்டுப் போக வேண்டும்.

இனி ஆசை. உனக்குப் பட்டாளம்தான் வேண்டும் என்றால், மெக்கானிக்கல் படிப்பது அதற்குக் குறுக்கே நிற்காது. பல பையன்களுக்கு யாரும் இதைச் சொல்வதே இல்லை. பொறியியல் முடிக்கும் ஆண்டிலேயே டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ் என்ற நுழைவில் டேராடூன் ராணுவ அகாடமிக்கும், ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல் நுழைவில் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது. கல்லூரி மார்க்கை வைத்து அழைப்பார்கள். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் நேர்முகம், பிறகு மெடிக்கல். தேறினால் லெப்டினன்ட்டாக வெளியே வருவாய். எங்கள் என்ஜினியர் குரூப்பில் பாலம் கட்டுவதும், கண்ணிவெடி எடுப்பதும், ரோடு போடுவதும்தான் வேலை. மெக்கானிக்கல், சிவில் படித்து வந்த இளம் அதிகாரிகள் பலரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

எஸ்.எஸ்.பி.க்கு ஆங்கிலம் வேண்டுமே, நம்மால் முடியுமா என்று நீ நினைப்பாய். நான்கு வருஷம் இருக்கிறது. முதல் வாரமே என்.சி.சி.யில் பெயர் கொடு. 'சி' சர்டிபிகேட் வரை போ. கேம்ப்புகளில் மேடையேறிப் பேசப் பழகு. அது உனக்குக் கிடைக்கும் இலவசப் பயிற்சி.

உன் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: அந்த சீட்டை விடாதே. ரேலிக்குப் போவதென்றால் போ, அந்த அனுபவமும் வேண்டும். ஆனால் கட்டணமே இல்லாத அரசு பொறியியல் இடத்தை, நான்கு வருஷ வேலைக்காக விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன்தான் அவசரம் என்றால், அப்பாவை உட்கார வைத்து எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று ஒரு நோட்டில் எழுது. கந்துவட்டியாக இருந்தால் அதைக் கூட்டுறவு வங்கிக்கோ மற்ற வங்கிக்கோ மாற்றப் பாருங்கள். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, கல்லூரியில் சேர்ந்ததும் அதைக் கேட்டு வாங்கு. எல்லாக் கணக்கும் போட்ட பிறகும், இந்த வருஷமே உன் சம்பளம் வந்தால்தான் வீடு நிற்கும் என்றால் எனக்கு மறுபடி எழுது. அப்போது என் பதில் மாறும்.

அண்ணா, நாங்கள் கொண்டலாம்பட்டி. வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிறார். மகனுக்குப் படிப்பில் மனமே இல்லை. நாங்கள் வற்புறுத்தி ஒரு தனியார் கல்லூரியில் பி.சி.ஏ.வுக்கு இடம் வாங்கி, ஒரு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டோம். வகுப்புக்கு அவன் ஒரு நாள்கூடப் போகவில்லை. அதற்குள் அக்னிவீரில் எல்லாம் தேறி, பயிற்சிக்குக் கிளம்பும் தேதி வந்துவிட்டது. பணம் திரும்ப வராது, சான்றிதழை மூன்று வருஷக் கட்டணமும் கட்டினால்தான் தருவோம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். அவனுக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. அனுப்பலாமா?
– ஒரு தாய்

அம்மா, முதலில் சான்றிதழ். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018 அக்டோபரில் இதற்கென்றே ஒரு அறிவிப்பு வெளியிட்டது. மாணவரின் ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின்போது பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து வரும் வருஷங்களின் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கவும் கூடாது. ஆகவே 'மூன்று வருஷக் கட்டணம் கட்டு' என்பது செல்லாத பேச்சு.

பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. கல்லூரி முறைப்படி அறிவித்த சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்போ, அதற்கும் முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், நடைமுறைச் செலவென்று ஒரு சிறு தொகையைப் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். அந்தத் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம். 15-க்கு மேல் 30 நாளுக்குள் என்றால் பாதி. 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. அதற்குப் பின் சில ஆண்டுகளில் யு.ஜி.சி. மாணவர்களுக்கு இன்னும் சாதகமாகத் தேதி நீட்டித்ததும் உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் தரச் சொன்னது. இந்த ஆண்டுக்கான அறிவிப்பைக் கல்லூரியிலேயே கேளுங்கள். அவர்களிடம் இருக்கும்.

வாயால் பேசிக்கொண்டிருக்காதீர்கள். இன்றே முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மகன் ராணுவத்தில் தேர்வாகியிருக்கிறான், இன்ன தேதியில் கிளம்ப வேண்டும், சேர்க்கையை ரத்து செய்து கட்டணத்தையும் சான்றிதழையும் தர வேண்டும் என்று நாலு வரி போதும். பயிற்சிக்கு அழைத்த காகிதத்தின் நகலையும் கட்டண ரசீதின் நகலையும் இணையுங்கள். அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்தத் தேதிதான் உங்கள் ஆயுதம், பணம் எவ்வளவு என்பதை அதுவே முடிவு செய்யும். அதற்கும் அசையாவிட்டால் பெரியார் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் யு.ஜி.சி.க்கும் புகார் எழுதலாம். பெரும்பாலும் முத்திரை வாங்கிய மறுநாளே பேச்சு மாறும்.

அனுப்பலாமா என்று கேட்டீர்களே, அனுப்புங்கள். மேலே எழுதிய தம்பிக்கு வேண்டாம் என்று சொன்ன நான் உங்கள் மகனுக்குப் போகட்டும் என்கிறேன். இவன் விரும்பாத படிப்பு, உங்கள் கைப்பணத்தில் நடக்கும் படிப்பு. எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல், மெரிட் எல்லாவற்றையும் தன் முயற்சியில் தாண்டியிருக்கிறான். படிப்பில் மனமில்லாத பையன் என்று அவனை இனி சொல்லாதீர்கள். இத்தனை படி ஏறியவன் சோம்பேறியாக இருக்க முடியாது.

பதினெட்டு முடியாததால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று அவன் இஷ்டத்துக்கு நடுவில் வர முடியாது. மிக விதிவிலக்கான சூழ்நிலையில், மேலிடம் அனுமதித்தால்தான் விடுவிப்பார்கள். இதை அவனிடமும் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். முதல் ஆறேழு மாதம் கடினம். விடிவதற்கு முன் ஃபால்-இன், பி.டி., டிரில், வகுப்பு, மறுபடி மைதானம், ராத்திரி ரோல் கால். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் எங்கள் சென்டரில் நான் ரங்ரூட்டாக, அதாவது புது ஆளாக இருந்தபோது, லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) சப்பாத்தியும் பருப்பும் பார்த்து அழுத பையன்கள் இருந்தார்கள். அவர்களே பிறகு பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் ஆகி மற்றவர்களைத் தேற்றினார்கள். முதல் சில வாரங்களில் போனில் அழுதால், 'வந்துவிடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்று கேளுங்கள், போதும்.

படிப்பும் முற்றிலும் போய்விடாது. இக்னோ பல்கலைக்கழகம் அக்னிவீர்களுக்கென்று பட்டப்படிப்புகள் வைத்திருக்கிறது. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் மதிப்பில் பாதி, ராணுவத்தில் பெறும் பயிற்சிக்கே கிடைக்கும். மீதியைப் பாடம் எடுத்துப் படித்து எழுத வேண்டும். பயிற்சிக் காலத்தில் இதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. முதல் யூனிட்டுக்குப் போனதும் பதிவு செய்யச் சொல்லுங்கள். நான்காவது வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் டிகிரி இல்லாமல்தான் வீட்டுக்கு வருவான். அப்புறம், சம்பளம் வரும் வங்கிக் கணக்கு அவன் பெயரில் இருக்கட்டும், நாமினி உங்கள் பெயர். வருஷத்துக்கு 30 நாள் லீவு. முதல் லீவிலேயே பைக் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால், கடைசியில் வரும் சேவா நிதிதான் அவனுடைய அடுத்த வாழ்க்கையின் முதலீடு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஐயா, நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பா அம்மா காப்பி எஸ்டேட்டில் வேலை. சேலம் அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. மலையில் இருந்து கீழே போய் விடுதியில் தங்க வேண்டும். அதற்குப் பதில் ராணுவத்துக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. பெண்களுக்கு என்ன வழி இருக்கிறது?
– ஒரு மாணவி

வழி இருக்கிறது மகளே, ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அக்னிவீரில் பெண்களை ராணுவப் போலீஸ் பிரிவுக்கு எடுக்கிறார்கள். அக்னிவீர் வரும் முன்பே, அந்தப் பிரிவுக்குப் பெங்களூரில் பயிற்சி பெற்ற முதல் பெண்கள் அணி 2021 மே மாதம் வெளியே வந்தது. ஆனால் ஆண்களோடு ஒப்பிட்டால் இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. அதை ஒன்றையே நம்பி கல்லூரியை விடாதே.

உனக்கு நான் காட்ட விரும்பும் கதவு வேறு. நீ கணிதத்தில் இடம் வாங்கியவள். தேசிய பாதுகாப்பு அகாடமி, என்.டி.ஏ., நுழைவுத் தேர்வின் இரண்டு தாள்களில் ஒன்று முழுக்கக் கணிதம்தான். 2021-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, 2022-ல் முதல் பெண்கள் உள்ளே போனார்கள், 2025 மே மாதம் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ப்ளஸ் டூ போதும், வயது பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே எழுது. கிடைத்தால் அப்போது கல்லூரியை விட்டுப் போ, நானே உன் வீட்டுக்கு வந்து வாழ்த்துவேன். கிடைக்காவிட்டால் டிகிரி முடித்ததும், பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுக்கும் சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் பயிற்சி நம் சென்னையில், பரங்கிமலையில். பெண்கள் 1992-லிருந்தே அதிகாரிகளாகச் சேர்ந்துவருகிறார்கள்.

விடுதிக்குப் போகத் தயக்கம் என்று எழுதியிருக்கிறாய். உண்மையில் அதுதான் உன் கடிதத்தின் முக்கிய வரி என்று எனக்குத் தோன்றியது. மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு சேலத்து வெயிலும் சத்தமும், தெரியாத முகங்களும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ராணுவமும் விடுதிதான், இன்னும் தூரத்தில், இன்னும் கட்டுப்பாட்டோடு. சேலத்தில் மூன்று வருஷம் தங்கிப் பழகினால் அது உனக்கு நல்ல தயாரிப்பு. சனிக்கிழமை பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வீட்டில் இருக்கலாம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பழங்குடியினர் நல விடுதிக்கும் உதவித்தொகைக்கும் உனக்குத் தகுதி இருந்தால், சாதிச் சான்றிதழோடு கல்லூரி தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடு. பிறகு என்று விட்டால் இடம் நிறைந்துவிடும்.

ஓமலூரில் ஒருவர், மூன்று லட்சம் கொடுத்தால் மெடிக்கலில் தேற வைத்து லிஸ்ட்டில் பெயர் வர வைப்பதாகச் சொல்கிறார். முன்பணம் ஐம்பதாயிரம் கேட்கிறார். பையன் காலேஜ் கட்டணத்துக்கு வைத்த பணம் இருக்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு தந்தை

கொடுக்காதீர்கள். ராணுவத்தில் ஆள் எடுப்பதற்கு எந்தப் பணமும் கிடையாது, ஆன்லைன் பதிவுக் கட்டணம் 250 ரூபாய் தவிர. தேர்வு கம்ப்யூட்டரில், ஓட்டம் எல்லோர் கண் முன்னால், மெடிக்கல் ராணுவ டாக்டர்களிடம். நடுவில் யாரும் புகுந்து ஒன்றும் செய்ய முடியாது. இவர்கள் செய்வது என்ன தெரியுமா? பத்து வீட்டில் பணம் வாங்குவார்கள். தானாகத் தேறிய ஒரு பையனைத் தன் செல்வாக்கில் தேறியதாகச் சொல்லிக்கொள்வார்கள். தேறாதவர்கள் கேட்டால் 'அடுத்த ரேலியில் பார்க்கலாம்' என்பார்கள். உங்கள் பையனின் ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவார்கள். அந்த ஆளின் போன் நம்பரோடு போலீஸில் சொல்லுங்கள். சந்தேகம் எதுவாக இருந்தாலும் சேலம் மாவட்டத்துக்கு கோயம்புத்தூரில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் இருக்கிறது. சேலத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். காலேஜ் பணம் காலேஜுக்கே போகட்டும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் தினமும் ஓடுகிறேன். இது போதுமா? காலேஜ் சேர்ந்த பிறகு எப்படிப் பயிற்சி செய்வது?
– கன்னங்குறிச்சி வாசகர்

மலை ஏறி ஓடுவது நெஞ்சுக்கும் தொடைக்கும் நல்லது. ஆனால் இறங்கும்போது ஓடாதே, நடந்து வா. முட்டியைக் கெடுத்துக்கொண்டு ரேலிக்குப் போய் என்ன பயன்? வண்டிகள் வேறு வளைவில் திரும்பும், இருட்டில் ஓடவே கூடாது.

ரேலியில் ஓட வேண்டியது 1.6 கிலோமீட்டர், சமதரையில். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் 60 மார்க். பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40 மார்க். ஒன்பது அடி பள்ளம் தாண்டுவதும் ஜிக்-ஜாக் பேலன்ஸும் தேறினால் போதும், மார்க் இல்லை. மலையில் மட்டும் ஓடிப் பழகியவனுக்கு வேகம் வராது, மூச்சு மட்டும் நீளும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் மகாத்மா காந்தி ஸ்டேடியத்துக்குப் போய், கடிகாரம் வைத்து நான்கு சுற்று ஓடு. முதல் சுற்றிலேயே பாய்ந்துவிடாதே, மூன்றாவது சுற்றில்தான் பையன்கள் விழுகிறார்கள். ரேலியில் ஒரு பேட்ச்சில் பெரிய கூட்டமாக விடுவார்கள், முழங்கை இடிக்கும். அதனால் தனியாக ஓடாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓடிப் பழகு.

புல்-அப்ஸைத்தான் நம் பையன்கள் கடைசி வாரத்தில் தொடங்குகிறார்கள். அது பல மாத வேலை. கல்லூரியில் விளையாட்டு மைதானத்தில் பார் இருக்கும், வகுப்பு முடிந்ததும் தினமும் தொங்கு. முழுதாகக் கை நீட்டி, தாடை பாருக்கு மேலே வர வேண்டும், உதறி ஏறினால் எண்ண மாட்டார்கள். மார்பளவு 77 சென்டிமீட்டர், மூச்சிழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். கையில் பச்சை குத்திக்கொள்ளாதே. ரேலிக்கு இரண்டு வாரம் முன்பே அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய்க் காதைச் சுத்தம் செய்துகொள். குச்சி போட்டு நீயே குடையாதே. பல் சொத்தை இருந்தால் அதையும் அடைத்துவிடு. கண்ணில் பவர் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடு. இந்த மூன்றையும் கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் இந்த வாரங்களிலேயே முடித்துக்கொள்.